எறும்பு ஊர்ந்த கொரில்லா

பகலெல்லாம் டாம் அண்ட் ஜெரி ஓடிய சேனலில் இருட்டியதும் கறுப்பு வெள்ளைப் படம் வந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில் கேபிள் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கலாம். கார்ட்டூன் நெட்வொர்க்கும் டி.என்.டி.யும் ஒரே சேனலைப் பங்குபோட்டுக்கொண்ட காலம். சின்னப் பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டே எழுந்து போவார்கள். நாங்கள் சிலர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்போம். ஆர்.கே.ஓ., எம்.ஜி.எம். என்று ஹாலிவுட்டின் பழைய ஸ்டூடியோக்கள் எடுத்த படங்கள் அதில் வரும். எது எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது. சப்டைட்டில் கிடையாது. பாதி வசனம் புரியாது. பேய்ப்படத்துக்கு அது நல்லதுதான்.

1933இல் வந்த ‘கிங் காங்’ அப்படித்தான் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. பேரப்பிள்ளைகளுக்குத் துணையாகக் கார்ட்டூன் பார்க்க வந்த பெரியம்மா அன்றைக்கு எழுந்து போகவில்லை. வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டு மரங்களை ஒதுக்கிக்கொண்டு கொரில்லா வந்து நின்றது. அது பெண்ணைத் தூக்கியதிலோ மார்பில் அறைந்துகொண்டதிலோ அவள் கவனம் போகவில்லை.

“ஏண்டா, அது உடம்புல எறும்பு ஊருதா?”

உற்றுப் பார்த்தால் ஊரத்தான் செய்தது. கொரில்லா சும்மா நிற்கும்போதும் அதன் தோள், முதுகு, தொடை எங்கும் ரோமம் தானாகச் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. காரணம் பல வருஷம் கழித்துப் படித்துத்தான் தெரிந்தது. அந்தக் கொரில்லாவின் உயரம் ஒன்றரை அடி. மெக்சிகோவில் பிறந்த மார்செல் டெல்காடோ என்ற சிற்பி, மூட்டுக்கு மூட்டு மடங்கும் எஃகு எலும்புக்கூட்டின்மேல் பஞ்சும் ரப்பரும் வைத்துத் தசை கட்டி, முயல் தோலைப் போர்த்தியிருந்தார். விலிஸ் ஓ’பிரையனும் உதவியாளர்களும் அதை மேசைமேல் நிறுத்தி இம்மி அசைத்து ஒரு ஃபிரேம் எடுப்பார்கள். மறுபடி இம்மி அசைத்து மறுபடி ஒரு ஃபிரேம். திரையில் ஒரு விநாடி ஓட இப்படி 24 ஃபிரேம் வேண்டும். ஒவ்வொரு முறையும் பொம்மையைத் தொட்டாக வேண்டும். தொட்டால் ரோமம் கலையும், கலைந்தது பழையபடி படியாது. இதைப் பெரிய குறையென்று எடுத்தவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தபோது, போட்டுப் பார்த்த ஸ்டூடியோக்காரர்கள் ‘கோபத்தில் மயிர் சிலிர்க்கிறது, பிரமாதம்’ என்று மெச்சியதாக ஒரு கதை உலவுகிறது. அது உண்மையோ பொய்யோ, பெரியம்மா பார்த்தது விரல்களை. கலிபோர்னியாவில் அறுபது வருஷம் முன்னால் ஒரு பொம்மையைத் தொட்டுத் தொட்டு எடுத்த விரல்கள், எங்கள் கூடத்து டி.வி.யில் ஊர்ந்துகொண்டிருந்தன.

படம் முடிகிறபோது அவள் சொன்னது இன்னொன்று. “தன்பாட்டுக்குக் காட்டுல கெடந்தத ஏண்டா கட்டி இழுத்தாந்தானுங்க? இழுத்தாந்தவனுங்களே சுடவும் செய்றானுங்க பாரு.” அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் காங்கைச் சுட்டு வீழ்த்தும் விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் படத்தின் இயக்குநர்களான மேரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும்தான்.

ஆனால் நான் முதலில் பார்த்த காங் இதுவல்ல. எங்கள் ஊர் மாதிரியான ஊர்களில் ஆங்கிலப் படம் என்றால் காலைக்காட்சி, அதுவும் பட்டணத்தில் ஓடி முடிந்து, பிரிண்ட் கிழிந்து, ரீல்கள் தாவத் தொடங்கிய பிறகு. டினோ டி லாரன்டிஸ் தயாரித்த 1976 ‘கிங் காங்’ அப்படித்தான் வந்தது. மறு ஆக்கத்தை முதலிலும் மூலத்தைப் பிறகும் பார்த்த தலைமுறை நாங்கள். எனவே ‘அந்தக் காலத்து அசல் மாதிரி வருமா’ என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். என் ஏக்கம் அசலின் மேல் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

அந்த 1976 படம் நல்ல படமில்லை. கார்லோ ராம்பால்டியைக் கொண்டு நாற்பது அடி உயரத்தில் இயந்திரக் கொரில்லா ஒன்றைச் செய்தார்கள். விளம்பரமெல்லாம் அதை வைத்துத்தான். படத்தில் அது சில விநாடிகள் விறைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவே. மற்ற நேரமெல்லாம் திரையில் நடப்பது ரோம உடுப்புக்குள் புகுந்த ரிக் பேக்கர். அவ்வருஷச் சிறப்பு ஆஸ்கர் வாங்கியவர்களில் ராம்பால்டி உண்டு, பேக்கர் இல்லை. முகமூடிக்குள்ளிருந்து தெரிகிற அந்தக் கண்கள் மட்டும் ஒரு நிஜ மனிதரின் கண்கள். காலைக்காட்சியில் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து நான் கலங்கியது அந்தக் கண்களைப் பார்த்துத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் படத்தில் காங் ஏறுவது எம்பயர் ஸ்டேட் இல்லை, உலக வர்த்தக மையம். ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். 1933இல் எம்பயர் ஸ்டேட் திறந்து இரண்டே வருஷம் ஆகியிருந்த புத்தம் புதுக் கட்டடம். 1976இல் அந்த இரட்டைக் கோபுரங்களும் அப்படியே புதிது. புதிய உயரம் எதுவோ அதில் மிருகத்தை ஏற்றிக் கொல்வது வழக்கம் போலிருக்கிறது. 2001 செப்டம்பருக்குப் பிறகு அந்தக் காட்சியைப் பார்க்க நேர்ந்தபோது காங்கைப் பார்க்க முடியவில்லை, கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டமான படத்துக்கும் காலம் சில சமயம் இப்படி ஒரு கனத்தைக் கொடுத்துவிடுகிறது.

2005இல் பீட்டர் ஜாக்சன் எடுத்த காங்கைப் பற்றி என்னால் ஒரே மனதாகப் பேச முடியவில்லை. ஒன்பது வயதில் நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் பழைய காங்கைப் பார்த்து, அதனாலேயே படமெடுக்க வந்தவர் அவர். பக்தியில் குறையே சொல்ல முடியாது. 1933 படத்திலிருந்து வெட்டி எறியப்பட்டுத் தொலைந்துபோன சிலந்திப் பள்ளத்தாக்குக் காட்சியை, டி.வி.டி.க்காகப் பழைய முறையிலேயே பொம்மை செய்து, ஃபிரேம் ஃபிரேமாக அசைத்து எடுத்துப் பார்த்தவர். ஆண்டி செர்கிஸ் நடித்து, அந்த நடிப்பைக் கணினி வாங்கிக்கொண்டு வரைந்த கொரில்லாவின் ரோமத்தில் ஒவ்வொரு இழையும் காற்றுக்குத் தக்கபடி அசைகிறது. சேறு ஒட்டுகிறது, பனி படிகிறது. எறும்பு மட்டும் ஊரவில்லை. பழைய படம் 100 நிமிஷம், இது 187 நிமிஷம். டைனோசர்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு ஓடும் காட்சியில் கடிகாரத்தைப் பார்த்தேன். பனி உறைந்த குளத்தில் காங்கும் கதாநாயகியும் சறுக்கி விளையாடும் காட்சியில் பார்க்கவில்லை.

‘த திங்’ விஷயத்திலும் இதே தலைகீழ் வரிசைதான். 1982இல் ஜான் கார்பென்டர் எடுத்ததை நான் பார்த்தது டெக்கில். கலர் டி.வி.யையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, விடிவதற்குள் மூன்று படத்தைப் பார்த்து முடித்துவிட வேண்டும். முதலில் பெரியவர்களுக்கு ஒரு பக்திப் படம், பிறகு ரஜினி, அவர்கள் தூங்கிய பிறகு எங்கள் கேசட். டெக்கோடு கடைப் பையன் ஒருவனும் வருவான். டெக்குக்குக் காவல். அவனும் சுவரோரம் சுருண்டு படுத்துவிடுவான். கேசட்டோ காப்பிக்குக் காப்பி எடுத்தது. குறுக்கே கோடு ஓடும், டிராக்கிங்கைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அண்டார்டிகாவின் பனி அதில் பழைய வேட்டி நிறத்தில் இருந்தது.

மாரடைப்பில் கிடக்கும் ஒருவனுக்கு டாக்டர் மின்னதிர்ச்சி கொடுக்கிறார். இரண்டாவது தடவை அழுத்தும்போது அவன் மார்பு வாயாகப் பிளந்து டாக்டரின் இரண்டு கைகளையும் கவ்விக் கடித்துத் துண்டாக்குகிறது. சத்தத்தில் கடைப் பையன் விழித்துவிட்டான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அண்ணே, கேசட்ட மாத்துங்கண்ணே, கையெடுத்துக் கும்புடுறேன்” என்றான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் மாற்றவும் இல்லை.

அந்தக் காட்சிக்கு நிஜமாகவே இரு கைகளும் இல்லாத ஒருவரை வரவழைத்து, அவருக்கு டாக்டரின் முகத்தைப் போல முகமூடி போட்டு, மெழுகு எலும்பும் ஜெலட்டின் சதையுமாகப் பொய்க் கைகள் பொருத்தினார்கள். பிராணிகளைச் செய்யும் வேலையை எடுத்தபோது ராப் பாட்டினுக்கு இருபத்திரண்டு வயதுதான். ஒரு வருஷத்துக்கு மேல் ஓய்வில்லாமல் உழைத்து, முடிவில் ஆஸ்பத்திரியில் படுத்தார். நாய் உருமாறும் காட்சியை மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் செய்து கொடுத்தார். லாஸ் ஏஞ்சலிஸில் செட்டையே குளிரூட்டியிருந்தார்கள், நடிகர்கள் பேசும்போது மூச்சு புகைய வேண்டுமென்பதற்காக. இன்றைக்கு அந்தப் புகையையும் கணினியிலேயே போட்டுவிட முடியும். ஆனால் குளிரில் விறைத்த மனிதன் பேசுகிற வேகமே வேறு. அதைப் போட முடியாது.

1951இல் வந்த மூலப் படத்தை டி.என்.டி.யில் பிறகுதான் பார்த்தேன். கிறிஸ்டியன் நைபி இயக்கம் என்று பெயர் வரும், தயாரித்தவர் ஹாவர்ட் ஹாக்ஸ். வேற்றுக்கிரகப் பிராணியாக வருபவர் ஜேம்ஸ் ஆர்னஸ், உயரமான மனிதர், தலையைப் பெரிதாக்கி, கையில் முள் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து இன்று யாரும் பயப்பட மாட்டார்கள். நானும் பயப்படவில்லை. ஆனால் அதில் ஒரு காட்சி உண்டு. வடதுருவத்துப் பனிக்கட்டிக்கு அடியில் ஏதோ கறுப்பாகப் புதைந்திருக்கிறது. அதன் அளவு தெரிய வேண்டும். ஆளாளுக்கு அதன் விளிம்புவரை நடந்துபோய்க் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நின்றபின் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். வட்டம். எல்லோரும் ஒரு பெரிய வட்டத்தில் நிற்கிறார்கள். பறக்கும் தட்டு என்று நமக்கு அப்போதுதான் உறைக்கிறது. பொம்மை இல்லை, தந்திரம் இல்லை, பத்துப் பன்னிரண்டு பேர் கையை விரித்து நின்றார்கள். கார்பென்டரும் இதை அறிந்தவர்தான். அவருடைய ‘ஹாலோவீன்’ படத்தில், பிள்ளைகள் ராத்திரி டி.வி.யில் பார்த்துக்கொண்டிருப்பது இந்த 1951 படத்தைத்தான். தன் படத்திலும் அந்தக் கைவிரித்த மனிதர்களைக் கொண்டுவந்தார், நார்வே முகாமில் கிடைத்த ஒரு வீடியோ டேப்பில்.

எது அசல் என்ற கேள்வியை இந்தப் படம் இன்னும் சிக்கலாக்குகிறது. இரண்டுக்கும் மூலம் ஜான் டபிள்யூ. காம்ப்பெல் 1938இல் எழுதிய கதை. யார் உடம்பிலும் புகுந்து அவரைப் போலவே மாறிவிடும் உயிர் என்பதுதான் அந்தக் கதையின் உயிர்நாடி. 1951 படம் அதை விட்டுவிட்டது. 1982 படம்தான் அங்கே திரும்பிப் போனது. பின்னால் வந்தது மூலத்துக்கு நெருக்கம், முன்னால் வந்தது விலகல். ஆனாலும் 1982இல் விமர்சகர்கள் கார்பென்டரை விட்டுவைக்கவில்லை. ‘ஈ.டி.’ வந்து இரண்டே வாரம், ஊரெல்லாம் அன்பான வேற்றுக்கிரகவாசியோடு கொஞ்சிக்கொண்டிருந்த நேரம். ‘ப்ளேட் ரன்னர்’ வந்ததும் இதே நாளில். குமட்டுகிறது என்றார்கள். முன்பு எடுத்த நைபியே வெளிப்படையாகக் குறை சொன்னார். ‘பழைய படத்தைக் கெடுத்துவிட்டான்’ என்று அன்று திட்டியவர்களின் பிள்ளைகள்தான் இன்று இதைக் காட்டி, ‘இதுபோல வருமா’ என்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

‘த ஃப்ளை’யும் அப்படியே. 1958 படத்தின் முடிவில் மனிதத் தலையோடு ஓர் ஈ சிலந்தி வலையில் மாட்டிக்கொண்டு கீச்சுக் குரலில் அலறும். பக்கத்தில் நின்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டிய வின்சென்ட் பிரைஸும் ஹெர்பர்ட் மார்ஷலும் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்ததாம். பிரைஸே சொல்லியிருக்கிறார். 1986இல் டேவிட் குரோனன்பெர்க் எடுத்தபோது சிரிக்க இடமில்லை. தலை மாறுவதற்குப் பதில், ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக அழுகுகிறான். நகம் கழன்று விழுகிறது, காது கழன்று கையோடு வருகிறது. ஒப்பனைக்காக கிறிஸ் வாலஸும் ஸ்டீஃபன் டுப்யூயியும் ஆஸ்கர் வாங்கினார்கள். வீட்டில் நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் அந்தப் படத்தைப் பூச்சிப் படமாகப் பார்க்க மாட்டார்கள். காதலனின் உடம்பு இப்படிப் போவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் ஜீனா டேவிஸின் முகம் எனக்கு எந்தப் பேயையும்விடத் தொந்தரவு தந்தது. ஈ தலையை வைத்துக்கொண்டு வேறு எவரும் இவ்வளவு தூரம் போனதாக எனக்குத் தெரியவில்லை.

மறு ஆக்கம் முன்னதற்கு மரியாதை செய்வதில் எனக்குப் பிடித்தது ‘இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸ்’. 1956 படத்தின் கடைசியில் கெவின் மெக்கார்த்தி நெடுஞ்சாலையில் கார்களுக்கு நடுவே ஓடி, வந்துவிட்டார்கள், வந்துவிட்டார்கள் என்று கத்துவார். எவரும் நம்ப மாட்டார்கள். ஜனங்கள் பயந்துவிடுவார்களென்று ஸ்டூடியோ முன்னும் பின்னும் ஒட்டுப் போட்டு நம்பிக்கையான முடிவாக்கியது தனிக் கதை. 1978இல் ஃபிலிப் காஃப்மன் அதை மறுபடி எடுத்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் டொனால்ட் சதர்லண்டின் காரின்மேல் ஒரு கிழவர் வந்து விழுந்து கத்துகிறார். அதே மெக்கார்த்தி. இருபத்திரண்டு வருஷமாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்சி ஓட்டுநராக வருபவர் பழைய படத்தை இயக்கிய டான் சீகல். ஒட்டுப்போட்ட அந்த நம்பிக்கையை 1978 படம் கடைசி ஷாட்டில் ஒரே அலறலில் பிடுங்கி எறிந்துவிட்டது.

ஜப்பானில் எய்ஜி சுபுராயா 1933 காங்கைப் பார்த்து மயங்கியவர். 1954இல் ‘காட்ஸில்லா’வின் தந்திரக் காட்சிகளை எடுக்க வந்தபோது அவருக்கும் பொம்மையை ஃபிரேம் ஃபிரேமாக அசைக்கத்தான் ஆசை. அதற்கு வருஷக்கணக்காகும் என்றதும் வேறு வழியில்லாமல் ஹருவோ நகஜிமாவை ரப்பர் உடுப்புக்குள் இறக்கினார். ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் அவர் உள்ளே வெந்தார். அந்த உறுமல் எந்த மிருகத்தின் குரலும் இல்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள்பாஸ் வாத்தியத்தின் தளர்த்திய தந்தியை இழுத்து எடுத்த ஓசை. அவ்வருஷம் மார்ச்சில்தான் பிகினித் தீவில் வெடித்த அமெரிக்க ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. நவம்பரில் படம் வந்தபோது பார்த்தவர்களுக்கு அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1998இல் ஹாலிவுட் எடுத்த காட்ஸில்லா நியூயார்க் தெருக்களில் ஓடி ஒளியும் பெரிய ஓணான். அதை ஜப்பானியர்கள் மன்னிக்கவேயில்லை. 2004இல் வந்த ‘ஃபைனல் வார்ஸ்’ படத்தில் அதையே ‘ஜில்லா’ என்று பெயர் சுருக்கிக் கொண்டுவந்து, சிட்னி நகரத்தில் சொந்தக் காட்ஸில்லாவைக்கொண்டு சில விநாடிகளில் அடித்துப் போட்டார்கள்.

இத்தனையும் சொன்னபின் கணினியின்மேல் பழி போட்டு முடித்துவிடலாம். 2023இல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ அதற்கு விடவில்லை. முழுக்கக் கணினிக் காட்ஸில்லா. தகாஷி யமசாகி இயக்கியதோடு காட்சித் தந்திரங்களையும் தானே மேற்பார்த்தார், வேலை செய்தவர்கள் சுமார் 35 பேர். கடலில் ஒரு சின்ன மரப்படகு, பின்னால் நீரைக் கிழித்துக்கொண்டு அந்தத் தலை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை வறண்டது. ஆஸ்கரும் கிடைத்தது. அந்த 35 பேரும் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இன்றைய ஹாலிவுட் படங்களின் இறுதியில் நாடு நாடாகப் பிரித்து ஓடும் ஆயிரக்கணக்கான பெயர்களில், நம் சென்னை, ஹைதராபாத் அலுவலகங்களில் ராத்திரி முழுக்க ஒரு குரங்கின் ஒரு தோளை மட்டும் வரைந்தவரும் இருக்கலாம். கை இல்லாமல் இல்லை. ஒரு கை செய்ததன் தடத்தை அடுத்த கை துடைத்துவிடுகிற ஏற்பாடு அது.

துடைத்ததற்குச் சாட்சியாக ஒரு படமே இருக்கிறது. 2011இல் ‘த திங்’ என்ற அதே பெயரில், 1982 கதைக்கு முன் நார்வே முகாமில் நடந்ததைச் சொல்லும் படம் வந்தது. அதற்காக அலெக் கில்லிஸும் டாம் உட்ரஃபும் பழைய முறையிலேயே ரப்பரும் கம்பியும் இயந்திரமுமாகப் பிராணிகளைச் செய்து கொடுத்தார்கள். படப்பிடிப்பில் நடிகர்கள் எதிரில் அவை அசைந்தன, நெளிந்தன. பிறகு ஸ்டூடியோவில் பெரும்பாலும் அவற்றின் மேலேயே கணினிப் பிராணிகளை வரைந்து மூடிவிட்டார்கள். படத்தில் இன்று தெரிகிற வழவழப்பான உருவங்களுக்கு அடியில் அந்தக் கைவேலை புதைந்து கிடக்கிறது.

கில்லிஸ் சும்மா இருக்கவில்லை. மூடப்பட்ட பொம்மைகள் அசையும் காட்சிகளை இணையத்தில் வெளியிட்டார். என்னைப் போன்றவர்கள் வரிசையாக வந்து அங்கலாய்த்தோம். அந்த அங்கலாய்ப்பை நம்பி, பொதுமக்களிடம் பணம் திரட்டி, பிராணிகளைக் கணினியில் செய்வதில்லை என்ற சபதத்தோடு ‘ஹார்பிஞ்சர் டவுன்’ என்று ஒரு படத்தை 2015இல் அவரே எழுதி இயக்கினார். கடலில் ஒரு மீன்பிடிக் கப்பல், பனிக்கட்டிக்குள் உறைந்த சோவியத் விண்கலம், உள்ளிருந்து உருமாறும் பிராணி. எல்லாம் கையால் செய்தவை. ஆவலாக உட்கார்ந்தேன். பிராணி நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த மனிதர்களில் ஒருவரையும் யாரும் செய்து வைத்திருக்கவில்லை. யார் செத்தாலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, மறுநாள் மீதியைப் பார்க்க மறந்தும் போனேன்.